கால் புண்ணுக்கு நரம்பை ஏன் தூண்டுகிறார்கள்?

தாமல், காஞ்சிபுரம் பக்கத்துக் குழித்தறிகளில் மிதிப்பலகையை அழுத்தும் கெண்டைக்கால் சேலைக்காக மட்டும் உழைப்பதில்லை. ஒவ்வொரு மிதியிலும் தசை சுருங்கி, உள்ளேயிருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை இதயத்தை நோக்கி ஏற்றுகிறது. ஏறிய ரத்தம் இறங்காமல் சிரை வால்வுகள் தடுக்கின்றன.

வால்வு பழுதானால்? ரத்தம் தேங்கும், சிரையழுத்தம் கூடும், கணுக்கால் வீங்கும், தோல் கறுக்கும். பிறகு சின்னச் சிராய்ப்புகூட மாதக்கணக்கில் ஆறாது. பட்டுக்கடையில் நாள் முழுக்க நின்றே விற்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

நடந்தால் நல்லதுதான். ஆனால் புண்ணோடு நடக்கச் சொல்வது எளிது, நடப்பது கடினம். இங்கேதான் நரம்பு உதவுகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. பிரிட்டனில் உருவான 'கெக்கோ' என்ற சிறு பட்டையை அங்கே ஒட்டினால், நொடிக்கு ஒருமுறை மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும். பாதம் லேசாகத் துள்ளும். உட்கார்ந்த இடத்திலேயே ரத்தம் நகரும். ஒவ்வொரு தசையிலும் தனித்தனியாக மின்முனை ஒட்ட வேண்டாம். நரம்பைத் தூண்டினால் அது ஆளும் தசைகள் எல்லாம் அசையும், கெட்டிக்காரத்தனமான குறுக்குவழி!

லேசரால் அளந்தபோது, கருவி ஓடுகையில் புண்ணுக்குள்ளும் ஓரத்திலும் நுண்குழாய் ரத்த ஓட்டம் கூடியது தெரிந்தது. ஆனாலும் சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டுதான் இன்றும் அடிப்படைச் சிகிச்சை. இந்தப் பட்டை அதற்குத் துணை. தமனி அடைப்பு இருந்தால் இறுக்கிக் கட்டுவதே ஆபத்து. ஆகவே முதலில் டாப்ளர் கருவியால் கால் தமனியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.