உங்களுக்குத் தெரியுமா? ‘எனக்குப் பாட வராது’ என்பவர்களில் பலருக்கும் பாட வரும்!

● ‘நமக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம்’ என்று சொல்லிக்கொள்பவரா நீங்கள்? 2005-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் தங்களுக்குச் ‘சுருதிச் செவிடு’ என்றார்கள். சோதித்துப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோருக்குக் காதில் குறையே இல்லை. பாட வராததையே காது கேட்காததாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

● பிறவியிலேயே சுரபேதம் பிடிபடாதவர்கள் உண்மையில் 100-க்கு ஓரிருவர்தான்.

● மான்ட்ரியல் ஆய்வாளர்கள், பயிற்சி இல்லாதவர்களிடம் எல்லோரும் அறிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார்கள். வேகத்தைக் குறைத்துப் பாடியதும் பலருக்கும் சுருதி கூடிவந்தது. பல நேரம் குற்றவாளி குரல் அல்ல, அவசரம்.

● நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. அதனால் கனமாகத் தோன்றும். ஒலிப்பதிவில் அந்தக் கனம் இல்லாததால்தான் ‘இதுவா என் குரல்?’ என்று முகம் சுளிக்கிறோம்.

● குளியலறையில் மட்டும் எல்லோருமே பாகவதர்தான்! ஓடுகளில் பட்டுத் திரும்பும் ஒலி, குரலின் கரடுமுரடை மறைத்துவிடுகிறது.

● ‘எனக்குப் பாட வராது’ என்பவர்களுக்கு நேரெதிர், அமெரிக்காவின் ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ். அபஸ்வரத்துக்கே பெயர்போன இவர், 1944 அக்டோபர் 25 அன்று, 76 வயதில், நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடினார். அரங்கு நிரம்பி வழிந்தது!