ஆறுதலும் ஆற்றலும்: கிறித்தவப் பொறுமை பற்றிய ஒரு சொல்லாய்வு

நோயுற்றவன் இறைவனை நம்பிப் பொறுத்திருப்பானாயின் நலமும் வலிமையும் பெறுவான் என்பது கிறித்தவ சமயத்தார் உறுதியாகப் பற்றியுள்ள கொள்கைகளுள் ஒன்று. ஆயினும் நம்பினார் அனைவரும் நோய் நீங்கப் பெறுவதில்லை என்பதும் கண்கூடு. அங்ஙனமாயின் அவர்தம் நம்பிக்கை பொய்த்ததாமோ? சமயவாணர் இவ்வினாவுக்குத் தத்தம் நெறியில் விடை கூறுவர். தமிழ் பயில்வார் செல்லத்தக்க வழி ஒன்றும் உண்டு. அது சொல்வழி.

நலமுறுதலையும் பொறுத்தலையும் வலிமையையும் தமிழ் ஒரே அடியினின்று பெற்றுள்ளது. நீரொழுக்கையும் நெறியையும் எண்ணையும் குறிக்கும் ‘ஆறு’ இங்கே வேண்டப்படுவதன்று. வினையடியாகிய ‘ஆறு’ என்பதே வேண்டப்படுவது. சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், மனமும் ஆறும். ‘ஆற அமரச் செய்’ என்னும் உலகவழக்கில் விரையாமை அதன் பொருளாயிற்று. இவ்வினை பிறவினையாகி ‘ஆற்று’ என நிற்குங்கால் தணித்தல், தாங்குதல், செய்து முடித்தல் என விரியும். அதனின்றே வலிமையைக் குறிக்கும் ‘ஆற்றல்’ பிறந்தது. தாங்குதலும் வலிமையும் ஒரு சொல்லாகவே நிற்றலின், தாங்குவதற்குக் கைம்மாறாகப் பின்னர் வருவது வலிமை என்று கொள்ள வேண்டுவதில்லை.

இலக்கியமும் இதற்குச் சான்று. முல்லைக்குரிய இருத்தலை உரைகாரர் ஆற்றியிருத்தல் என விளக்குவர். சென்றவன் மீள்வான் என்னும் தெளிவு இல்லாத இடத்தில் ஆற்றியிருத்தல் நிகழாது. ஆகவே அச்சொல்லினுள் நம்பிக்கையும் அடங்கியிருத்தல் காண்க. திருவள்ளுவர் 225ஆம் குறளில் தவத்தோர் பசியைத் தாங்கும் ஆற்றலையும், பிறர் பசியை மாற்றுவார் ஆற்றலையும் ஒருங்கு வைத்துப் பின்னதையே உயர்த்துவார். கலித்தொகையின் 133ஆம் பாட்டோ இன்னும் ஒருபடி செல்கிறது. அங்கே பகைத்தாரைப் பொறுப்பதற்குப் ‘பொறை’ என்று பெயர். துன்புற்றார்க்குத் துணைநிற்பதற்கே ‘ஆற்றுதல்’ என்று பெயர். தான் தாங்குவதும் பிறரைத் தாங்குவதும் ஒரு சொல்லின் இரு பக்கங்கள் என்பது இதனாற் போதரும்.

இத்தகைய மொழியிலேதான் 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவ வேதம் அச்சேறியது. சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. அந்நாள் தொடங்கி வளர்ந்த கிறித்தவத் தமிழில் நோய் நீங்குதலுக்குச் ‘சுகம்’, ‘குணம்’ என்பனவும், வலிமைக்குப் ‘பெலன்’ என்பதும், துயர் தணிதலுக்கு ‘ஆறுதல்’ என்பதும் வழக்காயின. உடல்நலமும் உளத்தேறுதலும் வெவ்வேறு சொற்களாகப் பிரிந்து நின்றது ஒரு நன்மையே. சுகம் பெறாதவனும் ஆறுதல் பெறலாம் என்று சொல்ல அப்பிரிவு இடந்தந்தது.

‘கர்த்தருக்குக் காத்திருத்தல்’ என்னும் வழக்கு தனித்து நோக்கத்தக்கது. ஒருவருக்காகக் காத்திருத்தல் என்பதே பேச்சு நடை. இங்கோ நான்காம் வேற்றுமை உருபு தனித்து நின்று, காத்திருப்போன் தன்னையே ஒப்புக்கொடுத்தான் என்னும் பொருள் தோன்ற வைக்கிறது. ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரம், பாபிலோனியச் சிறையிருப்பில் தளர்ந்த மக்களுக்கு இக்காத்திருத்தலின் பயனாகப் புதிய வலிமையைக் கூறும். பறத்தல், ஓடுதல், நடத்தல் என இறங்குமுகமாக அது அமைந்திருத்தல் வியப்பிற்குரியது. சோராது நடத்தலே இறுதியில் வைக்கப்பட்டது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இவ்விடத்தில் ‘ஆற்றல்’ என்னும் சொல்லை ஆண்டது. அது பொருத்தமே. ஆனால் காத்திருத்தல் என்பது நம்பிக்கை வைத்தல் என மாறியமையால், காலம் நீளுகின்ற குறிப்பு குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

பொறுமை என்றால் வாய்பேசாமை என்று கருதுவார் பலர். விவிலியம் அங்ஙனம் கூறவில்லை. 13ஆம் சங்கீதம் ‘எதுவரை’ என்று நான்கு முறை இறைவனையே வினவுகிறது. யோபு கடுமையாக முறையிட்டான். எனினும் இறுதியில் இறைவனின் சினத்துக்கு ஆளானோர், துன்பமெல்லாம் தீவினைப் பயன் என்று அவனுக்கு அறிவுரைத்த நண்பர்களே. தமிழ்ப் பத்தி நெறியிலும் இதற்கு ஒப்புமை உண்டு. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கூடலிழைத்துக் குறிபார்த்த ஆற்றாமை அன்பின் குறையன்று, மிகுதியே. குலசேகராழ்வார், அறுத்துச் சுடும் மருத்துவனிடத்தும் காதல் நீங்காத நோயாளனைத் தமக்கு உவமையாக்கினார். வலி நீங்கிய பின்னரன்றி, வலியின் நடுவிலேயே அந்நம்பிக்கை அங்கே பேசப்படுகிறது.

ஆண்டாள் பிறந்த அப்பகுதி, திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் மம்சாபுரமும் அமைந்த மலையடிவாரம், 1910இல் இராமநாதபுர மாவட்டம் அமையும்வரை திருநெல்வேலிச் சீமையின் வடபாகமாக இருந்தது. அவ்வடபாகத்தில் 1854 முதல் கூடாரமிட்டு ஊர் ஊராகச் சென்று சமயப்பணி செய்தவர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு. கேம்பிரிட்சில் கணிதத்திற் சிறந்து விளங்கிய இவர் நுரையீரல் நோயுடனேயே இப்பணியை மேற்கொண்டு, 1858 அக்டோபர் 22இல் சிவகாசியில் தம் 43ஆம் அகவையில் மறைந்தார். அவர் நோய் நீங்கவில்லை. பணியின் பயனையும் அவர் மிகுதியாகக் காணவில்லை.

அவர் வரலாற்றைப் பின்னர் ஆங்கிலத்தில் எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867இல் அயர்லாந்தின் வடபகுதியிற் பிறந்து 1895இல் இந்தியா வந்த அவர், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமியர்க்கு டோனாவூரில் புகலிடம் அமைத்தார். அங்கெழுந்த மருத்துவமனைக்குப் ‘பரம சுக சாலை’ என்பது பெயர். நோய் தீர வேண்டுதலும் மருந்தும் ஒருங்கே நடந்த இடம் அது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால்முறிந்தார் அம்மையார். உடன்பணியாளர் வேண்டினர், மருத்துவரும் முயன்றனர். பழைய நலம் மீளவில்லை. 1951 சனவரி 18இல் இறக்கும்வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். சுக சாலை கண்டவர் சுகம் காணாமற் போயினார் என்று கூறிவிடலாம்.

ஆனால் அவ்வாண்டுகளில் அவர் எழுதிய நூல்கள் பத்துக்கு மேற்பட்டன. அவற்றுள் முதன்மையாக நோக்கற்குரியது 1933இல் வெளிவந்த ‘முட்செடியிலிருந்து ரோசா’ என்னும் பொருள்பட்ட தலைப்புடைய நூல். நலமுடையோர் நோயாளர்க்கு எழுதும் தேறுதல் உரைகள், எத்துணை நல்லெண்ணத்தோடு எழுதப்படினும், படுக்கையில் கிடப்பாரைச் சென்று எட்டுவதில்லை என்பதை அவர் தம் நோயில் உணர்ந்தார். ஆகலின் நோயாளி நோயாளிக்கு எழுதும் மடலாகவே அந்நூலை அமைத்தார். விரைவில் குணமாகும் என்னும் உறுதிமொழி அதன் நோக்கமன்று. கலித்தொகை ஆற்றுதல் என்று வரையறுத்ததும் இச்செயலையே. அம்மையாரின் கல்லறையில் பெயர் பொறித்த நடுகல் இல்லை. பறவைகள் நீருண்ணும் ஒரு கற்றொட்டியும் அதில் அன்னையைக் குறிக்கும் ஒரு சொல்லுமே உள்ளன.