தூலமும் கட்டையும் இற்றுப்போகாமல் காப்பது எப்படி?

திருவண்ணாமலை, ஆரணி, போளூர் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களிலும் நம் அங்கத்தினர் பலர் பழைய மெத்தை வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர். சுவருக்குச் சுவர் தூலம் போட்டு, அதன்மேல் குறுக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்து முடிப்பது இவ்வீடுகளின் கூரை. இதனை மதராஸ் தளம் என்று வழங்குவர். நெசவாளர் வீட்டில் இத்தளத்தின் கீழேதான் தறி நிற்கிறது. விவசாயி வீட்டில் இதே முறையில் கட்டைகள் தாங்கும் மச்சின்மேல்தான் நெல்லும் மணிலாக் கொட்டையும் சேமிக்கப்படுகின்றன. கட்டை இற்றுவிட்டால் குடியிருப்பும் தொழிலும் விளைபொருளும் ஒருங்கே ஆபத்துக்கு உள்ளாகும். ஆயினும் தறியின் பழுதைக் கவனிக்கும் அளவுக்குத் தலைக்கு மேலுள்ள மரத்தை நாம் கவனிப்பதில்லை. ஆகவே மரம் இற்றுப்போவதன் காரணத்தையும் அதைத் தடுக்கும் முறையையும் இங்கே விளக்குகிறோம்.

மரம் ஏன் இற்றுப்போகிறது?

வயது முதிர்ந்தால் மரம் தானே இற்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. மரத்தை மக்கச் செய்வது காளான் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணிய பூஞ்சை. அது வளர்வதற்கு நான்கு பொருள்கள் வேண்டும்: உணவாக மரம், மிதமான வெப்பம், காற்று, ஈரம். இந்நான்கில் ஒன்று இல்லாவிடினும் பூஞ்சை வளராது.

இதற்குச் சான்று நம் கிராமத்துக் கிணறுகளிலேயே உண்டு. கிணற்றின் அடியில் இடும் நெல்லிக்கட்டை நெடுங்காலம் நீருக்குள் கிடந்தும் கெடுவதில்லை. நீரில் முழுவதும் மூழ்கிய மரத்துக்குக் காற்றுக் கிட்டாது. ஆதலால் பூஞ்சை வாழ வழியில்லை. உத்தரத்தில் நன்கு உலர்ந்து கிடக்கும் மரமும் கெடுவதில்லை. அங்கே காற்று உண்டு, ஈரம் இல்லை. ஆனால் வேலிக்கு நட்ட கம்பம் எங்கே முறிகிறது என்று பாருங்கள். மண்ணும் காற்றும் சந்திக்கும் நிலமட்டத்தில்தான் அது முறியும். ஈரமும் காற்றும் கூடும் இடமே மரத்துக்குப் பகை.

வீட்டுக்குள் காற்றையும் வெப்பத்தையும் நாம் விலக்க முடியாது. மரத்தையும் விலக்க முடியாது. நம் கைக்கு அடங்கியது ஈரம் ஒன்றே. மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை பூஞ்சை வேரூன்றாது. மரம் காக்கும் கலை முழுவதும் இந்த ஓர் அளவைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதில் அடங்கும்.

தறிக்கு வேண்டிய ஈரம் கட்டைக்குக் கேடா?

நெசவாளருக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். பாவு நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதம் வேண்டும். குழித்தறியின் சிறப்பே தரையின் குளிர்ச்சி நூலுக்குக் கிட்டுவதுதான். அப்படியானால் தறிக்கு நன்மை செய்யும் ஈரம் கட்டைக்குத் தீமை செய்யாதா?

அஞ்ச வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தாலும் அக்காற்றில் நெடுநாள் கிடக்கும் மரம் ஏறக்குறைய 16 சதவீத ஈரத்தையே ஏற்கும். 90 சதவீதம் நாள்தோறும் நீடித்தால்தான் 20-ஐ நெருங்கும். மேலும் மரம் மெதுவாகவே ஈரத்தை ஏற்று மெதுவாகவே விடும். பருத்த கட்டையில் பகல் நேரத்து ஈரம் உள்ளே செல்வதற்குள் இரவு கடந்துவிடும். எனவே தறிக்கூடத்து ஈரக்காற்று மட்டும் கட்டையை மக்கச் செய்வதில்லை. கெடுப்பது நீர் நேரே படுதலே. ஒழுகும் மழைநீரும், நனைந்த சுவரிலிருந்து உறிஞ்சப்படும் நீரும், சாயத் தொட்டியின் ஆவி கட்டையில் படிந்து சொட்டும் நீரும் அவ்வகையைச் சேர்ந்தவை. சாயம் காய்ச்சும் அடுப்பைத் தாழ்ந்த தளத்தின் கீழ் வைத்திருப்போர், கூரையை ஒட்டிய சுவரில் எதிரெதிராக இரண்டு காற்றுப்புழைகள் விடுதல் நன்று. ஆவி மேலே சென்று வெளியேறும். தறி மட்டத்தில் உள்ள குளிர்ச்சிக்குக் குறைவு வராது.

ஈரம் நுழையும் வாயில்கள்

முதல் வாயில், சுவருக்குள் புதைந்த கட்டை முனை. மரம் குழாய்க் கற்றை போன்றது. அதன் பக்கங்களின் வழியே நீர் நுழைவதைவிட, அறுத்த முனையின் வழியே பன்மடங்கு விரைவாக நுழையும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் முனையைப் புதைத்து, சுற்றிலும் கலவையால் இறுக அடைத்துவிட்டால், சுவர் குடித்த நீரை முனை குடிக்கும்; உலர்வதற்கு இடமில்லை. கட்டையின் நடுப்பகுதி இரும்புபோல் இருக்க, சுவருக்குள் ஒரு சாண் அளவு மட்டும் பொடியாகிக் கிடப்பதற்கு இதுவே காரணம். கண்ணுக்குத் தெரியாத இடமாதலால் இதுவே மிகவும் அஞ்சத்தக்கது.

இரண்டாம் வாயில், மேல்தளத்து வெடிப்பு. பழைய தளத்தின் சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அடித்துக் கெட்டித்தது. அது சிறிது நீரை ஏற்றாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு இடுவது இன்று பெருகிவரும் வழக்கம். சுண்ணாம்புத் தளமும் மரமும் வெயிலுக்கும் மழைக்கும் சிறிது அசைந்து கொடுக்கும்; சிமெண்டு அசையாது, மயிரிழைபோல் வெடிக்கும். அவ்வெடிப்பு வழியே இறங்கிய நீர் சிமெண்டுக்கு அடியில் சிறைப்பட்டு, கட்டையின் முதுகில் தங்கும். பழைய சுண்ணாம்புத் தளத்தைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்ப்பது நலம்.

மூன்றாம் வாயில், மழைநீர்த் தூம்பு. தூம்பு அடைத்து மெத்தையில் நீர் தேங்கினால், தூம்பைச் சுற்றியுள்ள சுவரும் அதில் ஊன்றிய கட்டைகளும் முதலில் கெடும். ஒரு கூடை சருகு ஒரு தூலத்தைத் தின்றுவிடும் என்றால் மிகையாகாது.

ஈரம் வந்த இடத்துக்குக் கறையானும் வரும். அது தரையிலிருந்து சுவர் வழியே மண்குழாய் கட்டி ஏறும். மண்குழாயைக் கண்டால் தட்டிவிட்டு அமைதி அடைதல் கூடாது. அது வரும் வழியையும், அங்கே ஈரம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆராய வேண்டும்.

சோதிக்கும் முறை

கூரிய குத்தூசி ஒன்றும் சிறு சுத்தியலும் போதும். சுவரை ஒட்டிய இடத்தில் கட்டையின் அடியிலும் பக்கத்திலும் ஊசியால் குத்துக. நல்ல மரத்தில் ஊசி சிறிதே இறங்கி இறுகி நிற்கும். மக்கிய மரத்தில் எதிர்ப்பின்றி இறங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். பழுப்புக் கறை, வெண்பூஞ்சை, குறுக்கும் நெடுக்குமாகச் சதுரமாய் வெடித்த மரம், சுவரோரம் உதிரும் சுண்ணாம்பு, தளத்தின் சிறு தொய்வு ஆகியவை எச்சரிக்கைகள். வண்ணம் அடித்த கட்டையைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம், ஊசியை நம்புக.

பழுது பார்த்தல்

முனை மட்டும் கெட்டிருந்தால் முழுக் கட்டையையும் வீசிவிட வேண்டியதில்லை. பழைய வீடுகளில் உள்ள பர்மா தேக்குக் கட்டைகளுக்கு ஈடான மரம் இன்று எளிதில் கிட்டாது. இற்றுவிட்டது என்ற பேச்சை நம்பி அவற்றை விறகு விலைக்கு விற்றுவிடாதீர்கள். கெட்ட பகுதியையும் அதை அடுத்து ஓரடி நல்ல மரத்தையும் அறுத்து நீக்கிவிட்டு, இருபுறமும் பக்கச் சட்டமோ இரும்புப் பட்டையோ வைத்துத் திருகாணியால் முடுக்கிச் சுவர்வரை நீட்டலாம். இவ்வேலை தொடங்குமுன் தளத்துக்கு உறுதியான முட்டுக் கொடுத்தல் இன்றியமையாதது. தேர்ந்த தச்சரும் கொத்தரும் இன்றி இதில் இறங்குதல் கூடாது. பாரம் முழுவதையும் மெத்தையிலிருந்து முன்னரே இறக்கிவிட வேண்டும்.

முனையை மீண்டும் சுவரில் வைக்கும்போது அடியில் ஒரு தட்டைக் கல் இடுக. முனைக்கு இருபக்கமும் மேலும் பின்னும் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், இடைவெளி விடுக. காற்று உலவும் முனை நனைந்தாலும் உலரும். கலவையால் அடைத்து அழகுபடுத்த விரும்பினால் அழகு நிற்கும், கட்டை நிற்காது.

மருந்து பூசுதல்

மரத்தின் நடுப்பகுதியாகிய வயிரம் இயல்பாகவே பூஞ்சையை எதிர்க்கும். அதைச் சூழ்ந்த வெள்ளைக்கு அவ்வாற்றல் இல்லை. தேக்கின் வெள்ளையும் கெடும். ஆகவே வெள்ளை கலந்த மரத்துக்கு மருந்து தேவை.

மரக் காப்பு மருந்து வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவரின் பெயர் உலகறிந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக்களைச் சேர்த்து, மரத்தினுள் கரையாமல் பதிந்துவிடும் மருந்தைக் கண்டார். கம்பங்களுக்கும் வெளிவேலை மரங்களுக்கும் அது உலகெங்கும் பயன்பட்டது. ஆர்சனிக் நஞ்சாதலால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை இடுவது நிறுத்தப்பட்டது. பச்சை நிறம் ஏறிய அத்தகைய பழைய மரத்தை வாங்கித் தானியம் வைக்கும் மச்சுக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் துண்டுகளை அடுப்பில் எரிப்பது பெருந்தீங்கு.

வீட்டுக்குள் நனையாத இடத்துக்கு ஏற்றது போராக்ஸ், போரிக் அமிலக் கலவை. 100 லிட்டர் நீருக்கு 3 கிலோ போராக்ஸும் 2 கிலோ போரிக் அமிலமும் சுடுநீரில் கரைத்துச் சேர்த்து, மரத்தை ஊறவைத்தோ பலமுறை பூசியோ உலரவிட வேண்டும். மூங்கிலுக்கும் இதுவே உதவும். மழை நேரே படும் இடத்தில் இது கரைந்து போய்விடும். கையுறை அணிக, தானியத்தோடும் தீவனத்தோடும் கலக்காமல் காக்க. மருந்து உலர்ந்த பின்னரே முனைக்குக் கீல் பூச வேண்டும்.

ஒன்றை மறக்கலாகாது. ஈரமான மரத்தின்மேல் கீலோ எனாமல் வண்ணமோ பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். அது காப்பன்று, கேடு. முதலில் உலர்த்துக, பின்னர் மருந்து, இறுதியில் பூச்சு.

திறந்தவெளிப் பலகைத் தளங்கள்

கிடங்கின் முன் மூட்டை இறக்கும் மேடையிலும், தாழ்வாரத்துப் பலகைத் தளத்திலும் கெடுவது பலகையைவிட அதைத் தாங்கும் கட்டையே. பலகைக்கும் கட்டைக்கும் இடையிலும், ஆணித் துளைகளிலும் நீர் தங்கிவிடுகிறது. கட்டையின் முதுகில், அதன் அகலத்தைவிடச் சற்று அகன்ற தார்த்தாள் கீற்றை விரித்து, அதன்மேல் பலகை அடிக்க வேண்டும். பலகைகளுக்கிடையே கால் அங்குலம் இடைவெளி விடுக. அவ்விடைவெளியில் சேரும் மண்ணையும் உமியையும் அவ்வப்போது கீறி எடுக்க. கட்டைகள் மண்ணில் படாமல் கல்லின்மேல் நிற்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை கடுமையானது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அண்ணாமலையார் தேர் ஓடுமுன் அதன் அச்சையும் சக்கரத்தையும் சோதியாமல் வடம் பிடிப்பதில்லை. நம் தலைக்குமேல் ஆண்டு முழுவதும் நிற்கும் மரத்துக்கும் அக்கவனம் உரியது.

ஆவணி, புரட்டாசியில் தூம்பையும் மெத்தையையும் பெருக்கி வெடிப்பை அடைத்திடுக. அடைமழை நாளில் கட்டை முனைகளில் எங்கே கறை காண்கிறது என்று சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்திடுக. தை மாதத்தில் குறித்த இடங்களை ஊசியால் சோதித்திடுக. மரம் நன்கு உலரும் பங்குனி, சித்திரையில் பழுதும் மருந்தும் முடித்திடுக. அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரே தச்சரை அமர்த்தி மருந்தையும் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். கூட்டுறவின் பயன் நூலுக்கும் விதைக்கும் மட்டும் உரியதன்று. ஒரு முனையை இவ்வாண்டு பழுது பார்ப்போர் வருங்காலத்தில் முழுத்தளத்தையும் இடித்துக் கட்டும் கடனிலிருந்து தப்புவர். அத்தளத்தின் கீழ் உறங்குவோரும் மழை இரவில் அச்சமின்றி உறங்குவர்.