பெயரறியாத் தாய்

வெள்ளித்திரையில் ஏழைத் தாய் ஒருத்தி அழும்போது நாமும் கண் கலங்குகிறோம். அத்தாயாக நடித்தவர் யாரென்று கேட்டாலோ விழிக்கிறோம். கதாநாயகனின் பெயரைச் சிறு பிள்ளையும் சொல்லும். துணை நடிகையின் பெயரை யார் நினைவில் வைக்கிறார்கள்?

அத்தகையோருள் ஒருவர் எஸ். என். லட்சுமி. விருதுநகரை அடுத்த சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே நாடக மேடையேறிப் பின்னர்த் திரைக்கு வந்தவர். 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் தாயாக நடித்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதும் நிரம்பவில்லை. நடிகனாகிப் புகழ்பெற்ற மகனைப் பிரிந்து உயிர்விடும் அத்தாயைக் கண்டு அழாதவர் அரியர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் கைத்திருட்டுப் பழக்கமுள்ள பாட்டியாகச் சிரிக்க வைத்தார். 'மகாநதி'யில் (1994) மருமகன் சிறைப்பட்டபின் பேரக் குழந்தைகளோடு தவிக்கும் முதியவளாக நெஞ்சைப் பிழிந்தார். 2012 பிப்ரவரியில் சென்னையில் காலமானார். திரையில் பலருக்குத் தாயான அவர், வாழ்வில் மணம் புரியாதவர்.

மேலைநாட்டிலும் இதே நிலைதான். ஆலிவுட் படங்களில் பணிப்பெண்ணாகவும் செவிலியாகவும் நடித்த தெல்மா ரிட்டர், சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்கு ஆறுமுறை முன்மொழியப்பட்டார். ஒருமுறையும் பரிசு பெற்றாரில்லை. அப்பரிசே 1937இல்தான் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கதாநாயகியருக்குப் பொற்சிலை அளித்தவர்கள், துணை நடிகையருக்குப் பலகை ஒன்றையே அளித்தனர்.

இது திரையுலகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நம் புதுவை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உருவாகும் பொருள்களில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இரவுப்பணியில் அதைச் செய்து முடித்தவரின் பெயர் இராது. கோயில் திருவிழாவில் கொடியேற்றியவரை அறிவோம். விடியுமுன் கோயிலைப் பெருக்கியவரை அறியோம். வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே உடலுக்கு இன்றியமையாதவை என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை, திருப்பலியில் கேட்டுவிட்டு வாசலிலேயே மறந்துவிடுகிறோம்.

நம் வீடுகளிலும் ஒரு துணைப் பாத்திரம் உண்டு. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கிவிட்டு, இன்று திண்ணை ஓரத்தில் அமர்ந்திருக்கும் பாட்டிதான் அவர். திரையில் காணும் பாட்டிக்காகச் சிந்தும் கண்ணீரில் ஒரு துளியளவு கவனத்தையேனும் இவருக்கு நாம் தருகிறோமா? இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை அவரையே முன்னின்று சொல்லச் செய்வோம். செபம் முடிந்தபின், அவர் இளமையில் பட்ட பாடுகளைப் பிள்ளைகள் அவர் வாயாலேயே கேட்கட்டும்.