என்ன புத்தகம் படிக்கலாம்?



“கதைப் புத்தகம் படிக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா எதை எடுக்கிறதுன்னு தெரியல” என்று நம்மில் நிறைய பேர் சொல்கிறோம். நூலகத்துக்குப் போனால் அலமாரி முழுக்கப் புத்தகம். கைக்கு எட்டினதை எடுத்து இரண்டு பக்கம் புரட்டுகிறோம். புரியவில்லை. உடனே “எனக்குப் படிக்கிறதே பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த ஒரு புத்தகம் நமக்குச் சேரவில்லை, அவ்வளவுதான். நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் உள்ள புத்தகத்தில் ஆரம்பித்தால் சுலபமாக உள்ளே போய்விடலாம் என்பது என் கருத்து. கீழே நான் சொல்கிற கதைகளும் வரலாறும் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் வந்தவை.

வீட்டில் ஆடு வளர்க்கிறீர்களா? அப்படியானால் பெருமாள்முருகன் எழுதிய ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) உங்களுக்குத்தான். இதில் கதாநாயகியே ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டி! ராட்சசன் மாதிரி ஒரு ஆள் வந்து ஒரு கிழவரிடம் அந்தக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். கிழவி அதைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள். அந்த ஊரில் ஆட்டுக்குக்கூட காது குத்தி அரசாங்கத்தில் பதியணும், அதுக்கு வரிசையில் நிற்கணும். படிக்கும்போது சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து, இது ஆட்டுக்கு மட்டும் சொன்னது மாதிரி தெரியலையே என்று தோணும். பூனாச்சிக்கும் மனசு இருக்கு, ஆசை இருக்கு. ஆனால் அதை எங்கே விடணும், எதோடு சேர்க்கணும் என்று மற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஆட்டிடம் யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் பத்தாவது முடித்ததும் எத்தனை அக்காக்களிடம் கேட்காமலே எல்லாம் முடிவாகிவிடுகிறது! அதனால் எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். கடைசியில் பஞ்சம் வரும் பகுதி ரொம்பக் கஷ்டமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கண்மாயில் குளித்து, மீன் பிடித்து வளர்ந்தவர்களுக்கு சோ.தர்மன் எழுதிய ‘சூல்’ இருக்கிறது. உருளைக்குடி என்கிற ஊரின் கண்மாய்தான் கதை. மடையைத் திறக்க ஒருவர், கரையைப் பார்க்க ஊரே என்று எப்படிக் காப்பாற்றினார்கள், பிறகு எப்படிக் கெட்டுப்போனது என்று கரிசல் காட்டுப் பேச்சிலேயே எழுதியிருக்கிறார். 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. பெரிய புத்தகம். காலாண்டு லீவில் ஆரம்பிக்கலாம். தாத்தா பாட்டிக்கு வாசித்துக் காட்டினால் அவர்கள் இன்னும் நாலு கதை சொல்வார்கள்.

ஆறாவது ஏழாவது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’. சிவகங்கை மாவட்டம் கீழடியில் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்த பழைய நகரத்துக்குள் ஒரு பையன் போய்வருகிற கதை. ஆதன் என்பது சும்மா வைத்த பெயர் இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் கீறியிருந்த பெயர் அது! இந்த நாவலுக்கு 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தது. அதே வருடம்தான் கீழடியில் அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த புத்தகம். யெஸ்.பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. இதுவும் சிறுவர் நாவல்தான், 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஒரு சிறுமியிடம் மரப்பாச்சி பொம்மை ஒன்று பேசும். ஏதோ மந்திரக் கதை என்று நினைத்துப் படித்துக்கொண்டே போவோம். நடுவில்தான் தெரியும், பெரியவர்கள் யாராவது தப்பான எண்ணத்தோடு நம்மைத் தொட்டால் என்ன செய்யணும் என்று அந்த பொம்மை சொல்லித் தருகிறது. இதையெல்லாம் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். “அதெல்லாம் உனக்கெதுக்கு” என்று வாயை அடைத்துவிடுவார்கள். புத்தகம் அப்படி அடைக்காது. பயப்படக் கூடாது, மூடி வைக்கக் கூடாது, நம்புகிற ஒருவரிடம் சொல்லணும். பசங்களும் படிக்க வேண்டும், அவர்களுக்கும் இது நடக்கும். அம்மாவிடம் வாயால் சொல்ல முடியாதவர்கள் இந்தப் புத்தகத்தை அம்மா கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் காசில்லாமல் எந்த நேரமும் பேசலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக் கதைதான் வேணும் என்கிறவர்களுக்கு சு.வெங்கடேசனின் ‘வேள்பாரி’. ஆனந்த விகடனில் நூறு வாரத்துக்கு மேல் தொடராக வந்தது. பறம்பு மலைப் பாரியை மூவேந்தர்களும் எதிர்க்கிற கதை. இரண்டு தடிப் புத்தகம், ஆனால் வேகமாக ஓடும்.

கதை வேண்டாம், நிஜமாக நடந்ததுதான் வேணுமா? ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. வ.உ.சி. கப்பல் விட்டதும் செக்கிழுத்ததும் நமக்குத் தெரியும். அவரைக் கைது செய்ததும் 1908 மார்ச் 13-ஆம் தேதி திருநெல்வேலியில் சாதாரண ஜனங்கள் கிளம்பியதும், துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்ததும் இதில் இருக்கிறது. 2024-ஆம் வருட சாகித்திய அகாதெமி விருது இதற்குத்தான். கொஞ்சம் கடினம், பத்தாம் வகுப்பு அண்ணன் அக்காக்கள் முயற்சி செய்யலாம்.

எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும் என்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். வாசிப்பு இயக்கத்துக்காக 2023-இல் அரசு வெளியிட்ட குட்டிப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். நுழையில் தொடங்குங்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸும் நல்லதுதான். படம் பார்த்துக்கொண்டே வரி ஓடிவிடும். விலைதான் அதிகம், நாலு பேர் சேர்ந்து வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

“பாடப் புத்தகத்தை விட்டுட்டு என்ன கதைப் புத்தகம்?” என்று வீட்டில் கேட்டால், ஒரு பக்கத்தை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ‘சூல்’ என்றால் கட்டாயம் அடுத்த பக்கமும் கேட்பார்கள்! கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. நீங்கள் கேட்கும் புத்தகம் அங்கே இல்லை என்றால் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இந்தத் தாளின் அடியில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் படித்த புத்தகத்தின் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி