கடவுச்சீட்டு எவரிடம் உள்ள அமானிதம்?

அரபு மொழியில் கடவுச்சீட்டை ‘ஜவாஸ் ஸஃபர்’ என்பர். நம் மக்கள் அன்றாடம் வழங்கும் ‘ஜாயிஸ்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஏடுகளுள் இத்தகைய அனுமதிச் சீட்டுகள் சில உள்ளன. வரி செலுத்தும் குடியானவர் பிழைப்புக்காக வேறு மாவட்டம் செல்ல உமையா, அப்பாஸியர் ஆட்சி அலுவலர்கள் அளித்தவை அவை. சீட்டுக்குரியவரின் அங்க அடையாளங்களும், எத்தனை காலம் வெளியூரில் தங்கலாம் என்பதும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. வழியில் எதிர்ப்படும் அலுவலர் அவரைத் தடுக்கலாகாது என்பதே அவற்றின் சாரம். பிழைக்கப் போகும் ஏழையின் கையில் இருந்தால்தான் அத்தகைய சீட்டுக்குப் பொருளுண்டு.

இன்று வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர் பலரின் சீட்டு அவர்கள் கையில் இல்லை. கஃபீலின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. “பத்திரமாக வைத்திருக்கிறேன், அமானிதம்தானே!” என்பது முதலாளி கூறும் வழக்கமான சமாதானம். இக்கூற்றை ஃபிக்ஹு நூல்களின் அளவுகோலாலேயே அளந்து பார்க்கலாம்.

பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்படும் பொருளை ‘வதீஆ’ என்பர். ஒப்படைத்தவர் எப்போது கேட்டாலும் அதனைத் திருப்பித் தருவது பெற்றவர்மீது கடமை. தக்க காரணமின்றி மறுத்தால், மறுத்த கணமே அவர் அமானிதக்காரர் என்னும் நிலையை இழக்கிறார். அபகரித்தவரைப் போல் அப்பொருளுக்கு ஈடுசெய்யும் பொறுப்பும் அவரைச் சேர்கிறது. கேட்டும் தராதவர் ‘அமானிதம்’ என்னும் சொல்லை உச்சரிக்கவே உரிமையற்றவர்.

சிலர் கடனுக்கோ விசாச் செலவுக்கோ ஈடாகக் கடவுச்சீட்டைப் பிடித்து வைக்கின்றனர். இதனை ‘ரஹ்ன்’ என்னும் அடைமானமாகவும் கொள்ள முடியாது. விற்கத்தகாத பொருளை அடைமானமாக வைத்தல் செல்லாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்கள் கூறும் விதி. இந்தியக் கடவுச்சீட்டோ அதனை வைத்திருப்பவருக்கே சொந்தமானதன்று. 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, அது எந்நாளும் மத்திய அரசின் உடைமை. பயணி அதனை அமானிதமாகவே சுமக்கிறார். தனதல்லாததை அடகு வைக்க அவருக்கும் உரிமையில்லை. வாங்க முதலாளிக்கும் உரிமையில்லை. இந்தியாவிலேயே, காவல்துறை ஓர் ஆவணமாக இதனைக் கைப்பற்றலாமே தவிர முடக்கி வைக்க முடியாது, அவ்வதிகாரம் கடவுச்சீட்டு அதிகாரிக்கே உரியது என்று 2008இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல்துறைக்கே இல்லாத அதிகாரம் ஒரு கடை முதலாளிக்கு எங்கிருந்து வரும்?

அந்நாடுகளின் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. சவூதி அமைச்சரவை ஹிஜ்ரி 1421இல் (கி.பி. 2000) எடுத்த 166ஆம் எண் முடிவு, தொழிலாளி தம் கடவுச்சீட்டைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழில் சட்டமும் தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைப்பதைத் தடுக்கிறது. கத்தரின் 2015ஆம் ஆண்டு 21ஆம் சட்டம் இன்னும் நுட்பமானது. குடியிருப்பு அனுமதி நடைமுறைகள் முடிந்தவுடன் கடவுச்சீட்டைத் திருப்பித்தர வேண்டும். தொழிலாளியே எழுத்துமூலம் வேண்டினால் மட்டும் முதலாளி வைத்திருக்கலாம். கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும். மீறினால் 25,000 ரியால் வரை அபராதம். வதீஆவின் இலக்கணம் சட்ட வாசகமாகவே இங்கு எழுந்து நிற்பதைக் காணலாம். ஆகவே, படித்தறிய இயலாத அரபுத் தாளில் கையொப்பமிடுவது ஆபத்து. அந்த ‘வேண்டுகோள்’ அதற்குள்ளேயே அடங்கியிருக்கக்கூடும்.

இகாமா பதிவு, விசாப் புதுப்பிப்பு போன்றவற்றுக்காகச் சில நாட்கள் கொடுப்பது தவிர்க்கவியலாதது. அப்போது தேதியிட்ட ரசீது பெறுவதும், முகப்புப் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் நகலெடுத்து ஊரிலுள்ள குடும்பத்தாரிடமும் ஒரு பிரதி வைப்பதும் போதிய காவலாகும். ஹஜ்ஜுப் பயணிகளின் கடவுச்சீட்டுகளைப் பணிநிறுவனங்கள் திரட்டி வைத்து, திரும்பும் வேளையில் தருவது நெடுநாள் வழக்கம். திருப்பித்தரும் நாள் முன்பே தெரிந்திருப்பதால் அதனை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. முதலாளி தர மறுத்தால் தொழில்துறை அலுவலகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் முறையிடுக. சொல்லாமல் வெளியேறுவது, முறையீட்டாளரையே ‘ஓடிப்போனவர்’ ஆக்கிவிடும்.

பயணியின் பக்கமும் பிழை நிகழ்வதுண்டு. விசா மறுக்கப்பட்ட முத்திரை உள்ள பக்கத்தைக் கிழிப்பது, பிறந்த தேதியைத் திருத்துவது, தம்பியின் சீட்டில் அண்ணன் பயணம் செய்வது ஆகிய யாவும் மேற்கூறிய சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றங்கள். ஈராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் குடிபெயர்வு அனுமதியைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலைக்குச் சேர்வதும் இவ்வகையினதே. முகவர்கள் இதனை எளிய வழி என்பர். சம்பளம் வராதபோதுதான் தாம் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளியாக இல்லை என்பது அவருக்குத் தெரியவரும். விசா என்பது ஒரு ‘அமான்’. அபயம் பெற்று அந்நிய நிலத்தில் நுழைந்தவர் அங்குள்ளோர்க்குத் துரோகம் செய்யலாகாது என்பதை இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (இறப்பு ஹிஜ்ரி 189) முதலானோர் ஸியர் நூல்களில் விரித்துரைத்துள்ளனர்.

கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு செய்து, அப்பதிவின் நகலோடு தூதரகத்தை அணுக வேண்டும். உடனே ஊர் திரும்ப வேண்டியவர்க்கு ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் வழங்கப்படும். தங்கிப் பணி தொடர்வோர் புதிய சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தொலைந்ததாக அறிவித்த பின் பழையது அலமாரியில் கிடைத்தால், அதில் விசா இன்னும் மீதமிருக்கிறதே என்று எடுத்துச் செல்லலாகாது. தொலைந்த, களவாடப்பட்ட பயண ஆவணங்களுக்கென இன்டர்போல் 2002இல் ஒரு தரவுத்தளத்தை அமைத்தது. அதில் அந்த எண் ஏறியிருப்பின், உரிமையாளரே ஆயினும் விமான நிலையத்தில் நிறுத்தப்படுவார். கிடைத்த பழைய சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து, இரத்து செய்யப்பட்டதற்கான முத்திரையைப் பெற்றுக்கொள்வதே முறை.