வண்டி வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் பூசை உடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். கையில் நான்கைந்து வண்ண விளம்பரத் தாள்கள். “சாமி, பையன் கப்பல்லேருந்து லீவுல வந்திருக்கான். ஜீப்பு மாதிரி உசரமா ஒரு வண்டி எடுக்கணுங்கான். இதுல எது நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். வெளியே கோயில் திண்ணையில் அவருடைய தாயார் அமர்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது, முழங்கால் வலி, கண் சிகிச்சைக்காக மாதந்தோறும் திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டியவர். குலசேகரன்பட்டினத்திலிருந்து திருச்செந்தூர் வழியாக அது எழுபது கிலோமீட்டருக்கு அண்மையான பயணம். பேருந்தின் படி அவருக்கு இப்போது எட்டுவதில்லை.

மறையியல் கற்றவருக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் புன்னகைக்கலாம். உண்மைதான். ஆயினும் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் உவமையாகச் சொல்லியிருக்கிறார் அன்றோ? உட்கார்ந்து கணக்கிடும் வேலையில் அந்தக் குடும்பத்துக்குத் துணையிருந்தோம். அப்போது அறிந்தவற்றை மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, இவ்வண்டி யாது? விற்போர் இதைச் ‘சிறிய எஸ்.யு.வி.’ என்றும் ‘கிராஸ்ஓவர்’ என்றும் அழைக்கின்றனர். பழைய ஜீப்பின் அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று தனியே இருக்கும். அதன்மேல் கூடு பொருத்தப்படும். கிராஸ்ஓவரில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. சாதாரணக் காரைச் சற்றே உயர்த்தி, சக்கரத்தைப் பெரிதாக்கி, முகப்புக்கு ஒரு மிடுக்குத் தந்தால் அதுவே கிராஸ்ஓவர். நெக்ஸான், வென்யூ, சோனெட், மேக்னைட், கைலாக் ஆகிய இவை எல்லாவற்றிலும் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. ஆகவே, தோற்றத்தைக் கண்டு மயங்கிக் கடற்கரை மணலிலோ தேரிக்காட்டுச் செம்மணலிலோ இறக்கினால், பக்கத்து வீட்டுக் காரைப் போலவே இதுவும் புதைந்து நிற்கும். வலை இழுக்கிற கைகள்தாம் இதையும் இழுக்க வேண்டியிருக்கும்!

இரண்டாவது, இவற்றின் நீளம். எந்த நிறுவனத்தின் தாளைப் புரட்டினாலும் 3,995 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மிக நெருங்கிய அளவையே காண்பீர்கள். இது தற்செயல் அன்று. 2006-ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோல் எனில் 1,200 சி.சி.க்கும் டீசல் எனில் 1,500 சி.சி.க்கும் மேற்படாத எஞ்சினும் உள்ள கார்களுக்குக் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அன்றுமுதல் நம் நாட்டுக் கார்கள் அந்த அளவுகோலுக்குள் வெட்டித் தைக்கப்படுகின்றன. 2013-இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2016-இல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017-இல் டாட்டா நெக்ஸான், 2019-இல் ஹூண்டாய் வென்யூ என்று வரிசையாக வந்தவை எல்லாம் அந்த வரிக்கோட்டின் பிள்ளைகளே. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குட்பட்டவற்றுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. மீறியவற்றுக்கு 40 விழுக்காடு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீளம் மட்டும் குறைந்தால் போதாது. 2022-இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்கு உட்பட்டதே. ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சி.சி. ஆதலின் அது உயர்ந்த வரியின்கீழ் வருகிறது. அதனால் அது தாழ்ந்த வண்டி ஆகிவிடாது. விலையை ஒப்பிடும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவே.

டீசலா, பெட்ரோலா என்ற கேள்வியில்தான் நம் வீடுகளில் தந்தையும் மகனும் மோதிக்கொள்கிறார்கள். தந்தைக்கு டீசல் என்றால் சிக்கனம். ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று அமைந்திருக்கிறது. பிடித்த கரி எரிந்து தீர வேண்டுமானால், வண்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடியாக வேண்டும். நம்மவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்? காலையில் கோயில், பிறகு உடன்குடிச் சந்தை, மாலையில் பள்ளிக்கூடம். இப்படி மூன்று நான்கு கிலோமீட்டராகவே ஓட்டினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். வாரத்தில் பலமுறை தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ போகும் வியாபாரிக்கு டீசல் தகும். நம் குடும்பத்தின் ஓட்டம் மாதம் ஒருமுறை திருநெல்வேலி; மற்றபடி ஊருக்குள். பெட்ரோலே போதும் என்றோம். தந்தை முகம் சிறிது வாடியது.

தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி இளைஞர்கள் பெரிதாகப் பேசுவர். நெக்ஸானில் 208 மில்லிமீட்டர், மேக்னைட்டில் 205, கைலாக்கில் 189 என்று நிறுவனங்கள் தருகின்றன. நம் ஊர் வேகத்தடைகளுக்கு இவற்றில் எதுவும் போதுமானதே. சாமான் வைக்கும் இடமோ, கைலாக்கில் 446 லிட்டர், நெக்ஸானில் 382, மேக்னைட்டில் 336. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகும் குடும்பம் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கேஸ் உருளை பொருத்திய வண்டி விரும்புவோர், உருளை அந்த இடத்தில் எவ்வளவை விழுங்குகிறது என்பதைப் பின்கதவைத் திறந்து கண்ணால் காண்பது நலம்.

பாதுகாப்பைக் குறித்து விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். விபத்தில் இறந்தோரை அடக்கம் செய்யும் கடமை எந்தப் பங்குத்தந்தைக்கும் புதிதன்று. வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மீது மோதவிட்டு, உள்ளிருக்கும் பொம்மைகளுக்கு நேரும் சேதத்தைக் கணக்கிட்டு நட்சத்திரம் வழங்கும் முறை உலகெங்கும் உள்ளது. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் நெக்ஸான். 2023 அக்டோபர் முதல் நம் அரசே பாரத் என்கேப் என்ற சோதனையை நடத்துகிறது. எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக் ஆகியவை அதில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. விற்பனையாளரிடம், “சோதனை எந்த ஆண்டு நடந்தது? நான் வாங்கும் இதே வகைக்கு எத்தனை காற்றுப்பை?” என்று கேளுங்கள். ஆனால் எத்தனை நட்சத்திரம் இருப்பினும், இருக்கை வார் அணியாதவரை அவை காப்பதில்லை. 2022 செப்டம்பரில் மும்பைக்கு அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த வண்டியின் பின்னிருக்கையில் வார் அணியாமல் சென்று விபத்தில் உயிரிழந்தார். பின்னிருக்கையில் வார் எதற்கு என்று கேட்கும் தாய்மார்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

கடற்கரை மக்களுக்கென ஒரு வார்த்தை. நம் காற்றில் உப்பு உண்டு. அடித்தகட்டை அது அரித்துத் தின்னும். அடிப்பாகத்துக்குத் துருக்காப்புப் பூசுவது இங்கே ஆடம்பரம் அன்று. பலர் ஆழ்குழாய்க் கிணற்று நீரால் வண்டியைக் கழுவுகிறார்கள். அந்நீர் உப்பாக இருந்தால் கழுவாமலிருப்பதே மேல்! பழுதுபார்க்கும் நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் முன்னரே விசாரியுங்கள். ஈகோஸ்போர்ட் சென்னைக்கு அருகே மறைமலைநகரில் செய்யப்பட்ட நல்ல வண்டி. பலர் ஆசையாய் வாங்கினர். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சேவையும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று அப்போதே உறுதி கூறியது. ஆயினும் வாங்கியவர் மனம் எப்படிக் கலங்கியிருக்கும்!

இனிக் கடன். மகனிடம் சேமிப்பு நான்கு லட்சம். பத்து லட்சம் கடன் வாங்கி, கூரையில் கண்ணாடிச் சாளரம் வைத்த உயர்ந்த வகையை எடுக்க எண்ணியிருந்தான். ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினோம். வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு, ஏழாண்டுத் தவணை எனில் மாதம் ஏறத்தாழ 16,090 ரூபாய். முடிவில் வட்டி மட்டும் மூன்றரை லட்சம். அதே கடனை ஐந்தாண்டில் அடைத்தால் மாதம் 20,760 ரூபாய். வட்டி இரண்டரை லட்சத்துக்குள் முடியும். சிறிய தவணை என்பது இனிக்கப் பேசும் உறவினன் போன்றது, நெடுநாள் தங்கிவிடுவான். கப்பல் வேலையில் ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் ஊதியமில்லாத மாதங்களும் வரும். அம்மாதங்களில் தவணை கட்டுவது யார்? வீட்டில் திருமண வயதில் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கென்று வைத்திருக்கும் நகையைத் தொட வேண்டிவருமா? இக்கேள்வியைத் தாயார் கேட்டார். மகன் நெடுநேரம் பேசவில்லை.

பின்பு அவன் கேட்டான்: “கண்ணாடிக் கூரை இல்லாம, ஆறு காற்றுப்பையோட எது சாமி கெடைக்கும்?” விலைப்பட்டியலில் இரண்டு படி இறங்கினால் அது கிடைத்தது. கடன் ஆறு லட்சமாயிற்று, தவணை ஐந்தாண்டு.

எஞ்சியவை மூன்று வண்டிகள். அவற்றுள் எதைத் தெரிந்தார்கள் என்று நாம் எழுதப்போவதில்லை. நாம் யாருக்கும் முகவர் அல்லோம். தெரிந்த விதத்தை மட்டும் சொல்கிறோம். ஓட்டிப் பார்க்கப் போகும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கூறியிருந்தோம். தூத்துக்குடியில் விற்பனை நிலையத்தார் சிறிது வியந்தார்களாம். முதல் வண்டியின் வாயிற்படி அகலமாக இருந்து அவர் காலைத் தடுத்தது. இரண்டாவதன் பின்கதவு போதிய அளவு திறக்கவில்லை. மூன்றாவதில், திண்ணையில் அமர்வதைப் போல முதலில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாராம். இருக்கை மிகத் தாழ்வும் இல்லாமல் உயரமும் இல்லாமல் இடுப்பளவில் அமைந்ததே காரணம். மகன் உடனே முன்பணத்தைக் கட்டிவிட்டான்.

சென்ற வாரம் வண்டியை மந்திரிக்கக் கொண்டுவந்தார்கள். தீர்த்தம் தெளித்து முடித்ததும், எங்கே முதல் பயணம் என்று கேட்டோம். “மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலுக்கு” என்று பாட்டி பின்னிருக்கையிலிருந்து விடையளித்தார். அவர் மடியில் கிடந்த வாரை எடுத்து, பேரன் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.